சீராக வந்த கல்மரம்

கனகத்துக்குக் கல்யாணமானபோது அவள் அப்பா கொடுத்த சீரில் கட்டில், பீரோ, பித்தளை அண்டாவோடு ஒரு துவைக்கிற கல்லும் இருந்தது. அவள் பிறந்த ஊர் விழுப்புரம் பக்கம், திருவக்கரைக்கு அருகில் ஒரு கிராமம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் சிமென்ட் மேடைதான் இருக்கும், அதில் துவைத்தால் துணி நாலே மாதத்தில் நார்நாராகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகள் கிழிந்த புடவையோடு பொங்கலுக்கு வந்து நிற்பதை அந்த மனுஷனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. கொல்லையில் கிடந்த கல்லை ஆள் வைத்துப் புரட்டி டெம்போவில் ஏற்றிவிட்டார். கல் ஏறியதும் டெம்போவின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. அதைச் சமன் செய்ய மாப்பிள்ளை கொளஞ்சிநாதனை மாலையும் கழுத்துமாக டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் மடியில் அண்டாவையும் வைத்தார்கள். அப்படித்தான் புது மாப்பிள்ளை டவுன்ஷிப்புக்குள் வந்து இறங்கினான்.

ஆனால் கல் நல்ல கல். பழுப்பு நிறம், உருண்டையான முதுகு, நெடுகிலும் மெல்லிய வரிகள். கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். அவன் யூனிஃபார்மில் ஏறுகிற கரிக்கு வேறு எந்தக் கல்லும் தாங்காது என்பது கனகத்தின் கட்சி. பையன் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள்.

இந்தக் கல்லுக்கு வில்லங்கம் திலகவதி ரூபத்தில் வந்தது.

திலகவதி சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். புதைந்துபோன ஆதிகாலத்துச் செடி கொடிகளைத் தேடிப் பிடித்து ஆராய்வது அவளுடைய வேலை. சொந்த ஊர் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. நெய்வேலிக் கரிக்குள் அவ்வப்போது பட்டையும் கணுவும் அடையாளம் தெரிகிற மரத்துண்டுகள் வரும். அவற்றில் சிலவற்றை எடுத்துப்போக முறையாக அனுமதி வாங்கி வந்திருந்தாள். இடம் காட்ட அவளோடு கொளஞ்சிநாதனை அனுப்பினார்கள்.

முந்தின நாள் பெய்த மழையில் சுரங்கத்துக்குள் கரிச்சேறு வெண்ணெய் மாதிரி இருந்தது. கையில் ஒரு மரத்துண்டோடு திரும்பி வரும்போது திலகவதி வழுக்கி விழுந்து, மல்லாந்தபடியே சரிவில் கொஞ்ச தூரம் போய்ச் சேர்ந்தாள். போன தூரம் முழுக்க இரண்டு கையாலும் மரத்துண்டை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அடி பட்டுச்சா மேடம்?" என்று ஓடினான் கொளஞ்சிநாதன்.

"சாம்பிளுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள் அவள்.

உச்சி முதல் பாதம் வரை கறுப்பாக நின்றவளை ஜீப் டிரைவர் சீட்டில் உட்கார விடவில்லை. பின்னால் நின்றுகொண்டே வந்தவளை, வீடு பக்கம்தான் என்று கொளஞ்சிநாதன் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்தான். கனகம் அவளுக்கு மாற்ற ஒரு நைட்டியைக் கொடுத்துவிட்டு, சுடிதாரை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சோப்புப் போட்டு, சுருட்டி, ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே பின்வாசலுக்கு வந்த திலகவதி அலறினாள்.

"அடிக்காதீங்க!"

கனகம் பாம்பு என்றுதான் நினைத்தாள். துணியைப் போட்டுவிட்டு ஒரே தாவில் கல்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"ஐயோ, இறங்குங்கக்கா! முதல்ல அதுமேலேருந்து இறங்குங்க!"

"எங்க பாம்பு? எந்தப் பக்கம்?"

"பாம்பு இல்லக்கா, மரம்! மரம்!"

கனகம் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தென்னை சாய்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். கல்லிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திலகவதிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சோப்பு நுரையை வழித்துப் போட்டுவிட்டு, ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்து, மூக்கு கல்லில் முட்டுகிற அளவுக்குப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே "அம்மாடி, அம்மாடி" என்று முனகினாள்.

இதைத்தான் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சோமசுந்தரம் பார்த்தார். திருநெல்வேலிக்காரர், ஸ்டோர்ஸில் வேலை. டவுன்ஷிப்பே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பக்தி அதிகம். தலைவிரிகோலமாக ஒரு பெண் கல்லின் முன்னால் விழுந்து கும்பிடுவதைப் பார்த்ததும் அவர் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

கதவைத் திறந்து கனகம் மறுபடி எட்டிப் பார்த்தபோது திலகவதி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இது கல்லு இல்ல. மரம். என்னைக்கோ ஆத்து வெள்ளத்துல வந்து மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கு. தண்ணியில கரைஞ்சு வந்த சிலிக்கா அணு அணுவா உள்ள போயி, மரம் இருந்த அச்சு மாறாம அப்படியே கல்லாயிடுச்சு. இந்த வரியெல்லாம் மரத்தோட நார்."

"எங்கப்பா கல்லுன்னுதான் குடுத்தாரு" என்றாள் கனகம் சந்தேகமாக.

"ரெண்டு கோடி வருஷம் இருக்கும். அதுக்கும் மேலன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"அப்ப நல்ல உறுதின்னு சொல்லு."

திலகவதி தன் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு அதைக் கேட்டாள். அங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடைத்த பெரணி இலை அச்சு இருக்கிறது. பெரம்பலூர் சாத்தனூரில் படுத்துக் கிடக்கிற பெரிய அடிமரத்தின் படம் இருக்கிறது. அவையெல்லாம் நம் பக்கத்துக் காடுகளில் பூக்கிற மரங்கள் தலையெடுக்காத காலத்து மரம் செடிகள். அதற்கு ரொம்பப் பிந்தி, பூக்கிற மரங்கள் காட்டைப் பிடித்துக்கொண்ட காலத்து ஆள் இந்தக் கல்தான் என்று சொன்னாள்.

"ஒரே பஸ்ல ஏறிச் சுத்தி வந்தா செடிகளோட கதை மொத்தமும் நம்ம ஜில்லாக்களுக்குள்ளயே இருக்குக்கா. அதுல இந்த ஒரு ஸ்டாப்தான் எங்ககிட்ட இல்ல."

"அதுக்கு? எங்கப்பா சீரா குடுத்ததைத் தூக்கிக் குடுத்துட்டு நான் துணியை எங்க தொவைக்கிறது, பஸ் ஸ்டாப்லயா?"

மறுநாள் காலை கனகம் கொல்லைக்குப் போனபோது கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தியிருந்தது. அண்ணாச்சி கையில் கற்பூரத் தட்டோடு கண்ணை மூடி நின்றார். அவருக்குப் பின்னால் பிளாக்கில் பாதிப் பேர்.

"அண்ணாச்சி! யூனிஃபார்ம் ஊறிகினு இருக்கு. நகருங்க."

"என்னம்மா பேசுத? சாமி மேலயா துணியை அடிப்ப?"

"இத்தினி வருஷமா அடிச்சேனே, சாமி ஒரு வார்த்தை சொல்லலையே!"

வாளித் தண்ணீரைக் கல்லில் சாய்த்துக் குங்குமத்தைக் கழுவிவிட்டாள். அண்ணாச்சி விடுகிறவராக இல்லை. அவள் சாயங்காலம் கடைக்குப் போய் வருவதற்குள் மறுபடி பொட்டு. இப்படியே போனதில் கொளஞ்சிநாதனின் யூனிஃபார்ம் சட்டையில் முதுகுப்பக்கம் மஞ்சள் ஏறி, ஷிஃப்டில் எல்லோரும் அவனிடம் விசேஷம் யார் வீட்டில் என்று கேட்டார்கள்.

கொளஞ்சிநாதனுக்கோ வேறு பித்து பிடித்திருந்தது. திலகவதியோடு சுரங்கத்தில் சுற்றியதில் அவள் சொன்னதெல்லாம் மண்டையில் ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து தாவரங்களின் பரிணாமத்தைப் பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"முதல்ல எல்லாம் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு. கரைக்கு ஏறி வந்தது பாசி. பாசின்னா யாரு? கான்ட்ராக்ட் லேபர். வேரு கிடையாது, பைப் லைன் கிடையாது. ஈரம் இருந்தா வேலை, காஞ்சா வேலை இல்ல. அடுத்து வந்துச்சு பெரணி. அதுக்கு உள்ளயே பைப் லைன் போட்டாச்சு. தண்ணி மேல ஏறும், நெடுநெடுன்னு வளரலாம். ஆனா பிள்ளை குட்டி உண்டாகணும்னா தரையில ஈரம் வேணும். குவார்ட்டர்ஸ் கிடைச்சவன் மாதிரி, அங்க இங்க நகர முடியாது. அப்புறம்தான் விதை. விதைன்னா இன்னா? டிபன் கேரியர்! சாப்பாட்டைக் கட்டிகினு எந்த ஊருக்கு வேணா டிரான்ஸ்ஃபர் போகலாம். கடைசியா வந்துச்சு பூ. வண்டைக் கூப்ட்டுத் தேன் குடுத்து வேலை வாங்குது. பூவு வந்தவன் பர்மனென்ட்!"

கடையில் இருந்த பர்மனென்ட் ஆட்கள் தலையை ஆட்டினார்கள். அந்த நேரம் டீ குடிக்க வந்த திலகவதி இதைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, பரிணாமத்துல யாரும் பர்மனென்ட் கிடையாதுண்ணே."

பர்மனென்ட் ஆட்களில் ஒருவர் பாதி டீயைக் கீழே வைத்தார்.

"இந்தக் கரி முழுக்கப் பெரிய பெரிய மரம்தான். அந்தக் காடே போயிடுச்சு. ஆனா பாசி இன்னைக்கும் இருக்கு. உங்க வீட்டுத் தண்ணித் தொட்டிச் சுவத்துல போய்ப் பாருங்க."

ஓரமாக நின்ற வேலுமணி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். அவன் கண்ணாடி கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "மேடம், அந்தப் பாசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா" என்றான்.

கல் விஷயத்துக்கு வருவோம். திலகவதி கெஞ்சினாள். கொளஞ்சிநாதனும் அவள் பக்கம் பேசினான். அண்ணாச்சியோ கல்லுக்குக் கொட்டகை போடுவதைப் பற்றிப் பேசினார். கடைசியில் கனகம் எல்லோரையும் கொல்லையில் நிற்க வைத்து ஒரு முடிவு சொன்னாள்.

"இதே மாதிரி தொவைக்கிற வேற கல்லு கொண்டாந்து வையுங்க. அப்புறம் இதைத் தூக்கிகினு போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒரு துவைக்கிற கல் கிடைக்காதா என்று திலகவதி நினைத்தாள். லீவை நீட்டித்து அவர்கள் வீட்டிலேயே தங்கினாள்.

முதலில் வந்தது பண்ருட்டியில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்களிடம் வாங்கிய கருங்கல். கனகம் ஓர் அடி அடித்தாள். கையிலிருந்து துணி நழுவி சுவரைத் தாண்டி அண்ணாச்சி மேல் போய் விழுந்தது. "வழுக்குது" என்றாள்.

அண்ணாச்சி, கல் சாமியை விடுவிக்கிற ஆசையில் தானே சிமென்ட் குழைத்து ஒரு மேடை கட்டிக் கொடுத்தார். அது அவருடைய சட்டையில்தான் சோதிக்கப்பட்டது. பட்டன் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிறகு திலகவதி ஒரு செம்மணற்கல்லைக் கொண்டுவந்தாள். இந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய கல், கல்மரங்கள் புதைந்து கிடக்கிற அதே அடுக்கு என்று பெருமையாகச் சொன்னாள். துவைக்க நன்றாகத்தான் இருந்தது. சத்தமும் சரியாக வந்தது. கனகம் முகத்தில் முதல்முறையாக ஒரு தயக்கம் தெரிந்தது. கொளஞ்சிநாதனின் வெள்ளை பனியன் எல்லாவற்றையும் அதில் துவைத்துக் கொடியில் போட்டார்கள். காய்ந்தபோது அத்தனையும் ரோஸ் கலர். வேறு பனியன் இல்லாததால் அவன் அதையே போட்டுக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போனான். வேர்வையில் சட்டை நனைந்து உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. இன்றைக்கும் பெல்ட் செக்‌ஷனில் அவனுக்கு ரோஜாநாதன் என்றுதான் பெயர்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவன் பனியனைக் கழற்றித் திலகவதி முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. டவுன்ஷிப்புக்கு வந்ததிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த கல்லூரித் தமிழ் கழன்று திருவதிகை வெளியே வந்தது.

"அக்கா, நான் இன்னா பண்ணட்டும்? முழுசா வேணாம். ஒரு ஓரமா, பிஸ்கட்டு தடிமனுக்கு ஒரு துண்டு குடு. அதை மெலிசா தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல வெச்சா உள்ள இன்னா இருக்குன்னு தெரிஞ்சிடும். மீதி உனுக்கே."

கனகம் அவளையே பார்த்தாள். "இதை முதல் நாளே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. முழுசும் வேணும்னு நின்னது நீதானே?"

திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லில் எந்த ஓரம் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் கிரானைட் அறுக்கிற பட்டறை ஒன்று உண்டு. குட்டியானை வண்டியில் கல்லை ஏற்றி, கனகம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனாள்.

பட்டறைக்காரர் கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கிச்சன் மேடைக்கா, வாசப்படிக்கா?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சிக்கு" என்றாள் கனகம். "பதமா அறுங்க. எங்கப்பா குடுத்தது."

ரம்பம் ஓடி முடிகிற வரைக்கும் அவள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அறுந்த முகம் மினுமினுவென்று, தேன் வடிந்து உறைந்த மாதிரி இருந்தது. துண்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு திலகவதி சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

சில வாரம் கழித்து, கையில் ஒரு மைக்ராஸ்கோப் பெட்டியோடு அவளே திரும்பி வந்தாள். சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கனகத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். செய்தி எப்படியோ பரவி, அண்ணாச்சி உட்பட பிளாக்கே வாசலில் கூடிவிட்டது.

"வட்ட வட்டமா ஓட்டை தெரியுதாக்கா? அதெல்லாம் அந்த மரம் உசிரோட இருந்தப்ப தண்ணி ஏறின குழாய். பைன் மாதிரி பூக்காத மரத்துல இவ்வளவு பெரிய குழாய் இருக்காது. இது பூத்த மரம்தான்."

"பைப் லைன்" என்று கொளஞ்சிநாதன் கூட்டத்துக்கு விளக்கினான்.

"எந்த மரம்னும் தெரிஞ்சுபோச்சு. புளியமரம் இருக்கிற குடும்பம். அதுக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்."

வாசலிலிருந்து அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"புளியமரமா?"

"அந்தக் குடும்பம்."

"புளியமரத்துல... இருக்குமே?"

என்ன இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டம் ஒரே அடியாகப் பின்வாங்கியதில் வாசலில் கிடந்த செருப்புகள் கலந்துபோயின. ரெண்டு கோடி வருஷத்துப் பேய்க்குத் தினமும் கற்பூரம் காட்டியிருக்கிறோமே என்ற நினைப்பில் அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

திலகவதி பொறுமையாக எழுந்து வந்தாள். "அண்ணாச்சி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மனுஷன் செத்தாத்தானே பேய் வரும்? இந்த மரம் நின்ன காலத்துல உலகத்துல மனுஷனே கிடையாது. அப்ப இதுல பேய் எப்படி இருக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். நியாயம் என்றுதான் பட்டது. முகம் தெளிந்தது. உடனே மறுபடி இருண்டது.

"அப்ப என்ன இருந்துச்சு?"

"யானை மாதிரி மிருகம் இருந்திருக்கும். குரங்கு இருந்திருக்கும்..."

"ஏ, குரங்குப் பேயா!" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். மனுஷப் பேய் என்றால் பேசிப் பார்க்கலாம், என்ன வேண்டும் என்று கேட்கலாம். குரங்குப் பேயிடம் யார் பேசுவது? அந்த வாரமே அண்ணாச்சி காம்பவுண்டு சுவரை இன்னும் உயர்த்தினார். கனகத்தின் கொல்லைப்பக்கம் யாரும் வருவதில்லை. அவளுக்குப் பரம நிம்மதி. அறுந்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முன்னைப் போலவே துவைத்தாள்.

மைக்ராஸ்கோப் காட்டிய அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு திலகவதிக்குச் சாப்பாடு போட்டாள் கனகம். கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏன் திலகா, அந்த மரத்துல பூ இன்னா கலரு?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. கட்டைதான் கிடைச்சிருக்கு. பூ கிடைக்கலை."

"பூத்துச்சுன்னு மட்டும் தெரியுது, கலரு தெரியலையா?"

"கட்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதுக்கா."

"சிவப்பாத்தான் இருக்கும்" என்றான் கொளஞ்சிநாதன். "எவ்வளவு பெரிய மரம்! சிவப்பா இருந்தாத்தானே எடுப்பா இருக்கும்."

"மஞ்சள்" என்றாள் கனகம்.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊரு மரம் அது. சீரு எங்கப்பா குடுத்தது. மஞ்சள்தான்."

குழம்பு ஆறுகிற வரைக்கும் சண்டை நடந்தது. திலகவதியை நியாயம் சொல்லச் சொன்னார்கள். அவள் ஆதாரம், அனுமானம் என்றெல்லாம் ஆரம்பித்து, இரண்டு பேரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்து நாள் போயிருக்கும். கல்லூரியில் அவள் அறையில் போன் அடித்தது.

"திலகா, நான்தான் கனகம். இங்க பெரிய தகராறா போச்சு. இவரு பெல்ட் செக்‌ஷன் முழுக்கச் சிவப்புன்னு சொல்லி வெச்சிருக்காரு. அண்ணாச்சி சுவருக்கு அந்தாண்ட நின்னுகினு வெள்ளைங்கறாரு. ராத்திரியில பூக்கிற மரமாம், அதான் பேய் வந்துச்சாம். நீ படிச்சவ, ஒரே வார்த்தையில சொல்லு. நான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதியவள் இல்லை திலகவதி. மாணவர்கள் 'இருக்கலாம்' என்று எழுதினாலே சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள். அறை வாசலை எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மஞ்சள்தான்க்கா" என்றாள் மெல்ல. "எனக்கும் அப்படித்தான் தோணுது."